முக்காட்டுக்குள் கொட்டிய முடி

என் மகள் பிறந்து நாற்பது நாள் முடிந்து, தலைக்குக் குளித்துவிட்டு மறுபடி தொழுகைக்கு நின்ற அன்று எனக்கு ஒரு குறையும் இல்லை. பால் இருந்தது. பிள்ளை நன்றாகக் குடித்தாள். அல்லாஹ்வுக்கு அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அதற்கப்புறம் நான் செய்த ஒரு காரியத்தை என் வீட்டுக்காரரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. பிள்ளை பெற்றவள் யாராவது படித்தால் அவளுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே அவருடைய பாத்திரக்கடை. எனக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவத்துக்குக் கூட இருந்ததெல்லாம் அவருடைய அக்காதான். அடுத்த தெரு. காலையில் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போவார். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசில் ஒன்றும் இருக்காது. மூன்றாம் மாதத்தில் ஒருநாள் பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

"இன்னாடி, உன் மூஞ்சப் பாத்து சிரிக்கிறாளா? போச்சு போ! புள்ள மூஞ்சி பாத்து சிரிக்க ஆரம்பிச்சா அம்மா தலையில முடி தங்காது" என்றார் அக்கா.

நானும் சிரித்தேன். அந்த வாரமே முடி கொட்ட ஆரம்பித்தது.

சீப்பில் வந்தது, தலையணையில் வந்தது, பிள்ளையின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. விழுந்த முடியை நாலு பேர் மிதிக்கிற இடத்தில் போடக்கூடாது, மண்ணில் புதைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? மூங்கில்துறைப்பட்டில் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது கொல்லையில் புதைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். கைப்பிள்ளையோடு ஊருக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது. பை மட்டும் உப்பிக்கொண்டே வந்தது. தினமும் புது முடியைப் போடும்போது பழையதையும் எடுத்துப் பார்ப்பேன். நேற்றைவிட அதிகமா என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முக்காட்டுக்குள் நடப்பது யாருக்குத் தெரியும்? வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை.

தொட்டால்தானே கொட்டுகிறது என்று எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். சீப்பையும் எடுக்கவில்லை. தலை சிக்குப் பிடித்து அரித்தது. நெற்றியில் வலி நின்றுகொண்டே இருந்தது. தொழுகையில் நெற்றி தரையில் பட ஸஜ்தாவுக்குக் குனிந்தால் தலைக்குள் கல் உருண்டது போல இருக்கும்.

அப்புறம்தான் என் புத்தி அந்த இடத்துக்குப் போனது. பிள்ளை சிரித்துத்தானே முடி போகிறது, அவள் என்னைப் பார்க்காவிட்டால்? பால் கொடுக்கும்போது முந்தானையை அவள் முகத்தின் மேல் போட்டேன். படுக்க வைக்கும்போது சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். சிரித்தால் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் அவன் கையில் இருக்கிறது என்று ஐந்து வேளையும் ஓதுகிறவள்தான் நான். ஆனாலும் செய்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். அக்கா உள்ளே வந்ததும் பிள்ளை கால்களை உதைத்துச் சிரித்தாள். அக்கா அவளை என் மடியில் கொடுத்தார். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டேன். பார்க்கவில்லை. கூப்பிட்டேன். மின்விசிறியைத்தான் பார்த்தாள். முடி போனால் போகட்டும், என் பிள்ளை என்னிடம் திரும்ப மாட்டாளா என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

தடுப்பூசிக்கு வரவில்லையே என்று கேட்டுக்கொண்டு அதே வாரம் எங்கள் தெருவைப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளையின் கைகால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, விரல்ல உன் முடி சுத்திக்கினு கீது. இறுக்கிடுச்சுனா ரத்தம் ஓடாது. தெனம் பாக்கணும். ஜாஸ்தி கொட்டுதா?"

அவ்வளவுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முக்காட்டை எடுத்துக் காட்டினேன். பையையும் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். நர்ஸம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாருக்கும்தாம்மா இவ்ளோ கொட்டுது. அவங்க அன்னன்னிக்கே போட்டுடுறாங்க. நீ சேத்து வெச்சி தெனம் பாத்துக்கினு கீற! பயம் வராம இன்னா வரும்?"

குளியலறையிலிருந்து ஈரக் கையோடு வந்த அக்காவிடம், பிள்ளையின் சிரிப்புக்குப் பயந்ததையும் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

"அடிப்பாவி! நான் சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன்டி. எனக்கு மூணு புள்ளைக்கும் கொட்டுச்சி. அதுக்காக மூஞ்சியத் திருப்பிக்கினேனா? இப்ப பாரு, இவ்ளோ பெரிய கொண்டை. கண்ணு வெக்காத" என்றார். சொல்லும்போதே அழுதார்.

பிள்ளை பெற்ற மூன்று நான்கு மாதத்தில் முடி உதிர்வது உடம்பின் போக்கு, ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று நர்ஸம்மா சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, முட்டை, கீரை, பருப்பு தின்னு, அப்படியும் நிற்காவிட்டால் ரத்தப் பரிசோதனை பண்ணிக்கொள் என்றார். எண்ணெய் தேய்ப்பதால் முடி வந்துவிடாது, ஆனால் தலை லேசாகும், மனசும் லேசாகும் என்றார். நகம் படாமல் விரல் நுனியால் வட்டம் வட்டமாக, ஐந்து நிமிஷம் போதும். "எப்பவும் அழுகையாவே வந்தா ஆஸ்பத்திரிக்கு வந்துடணும், ஒளிச்சி வெக்கக் கூடாது" என்றும் சொல்லிவிட்டுப் போனார். பையை அக்காவே எடுத்துப் போய்த் தன் வீட்டு முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டார்.

மறுநாள் காலை தேங்காயெண்ணெயை லேசாகச் சூடுபண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி விரலை உச்சியில் வைத்தேன். என் கையே எனக்கு அந்நியமாக இருந்தது. இத்தனை வாரமாக அந்தக் கை பிள்ளையைத்தான் தடவியிருந்தது, என் தலையைத் தொட்டதே இல்லை. காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி ஓரத்தில் மெல்லத் தேய்த்தேன். தோள் தானாக இறங்கியது. அப்புறம் கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு வரும் சீயக்காயைக் கரைத்துக் குளித்தேன். முடி கை நிறைய வந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

பிள்ளை என்னைப் பார்க்க அதற்கப்புறமும் பல நாள் ஆனது. தினமும் எண்ணெய் வைக்கும்போது அவளைப் பாயில் என் எதிரே மல்லாக்கப் படுக்க வைப்பேன். ஒருநாள் பிடரியைத் தேய்க்கத் தலையைக் குனிந்தபோது முடி முழுதும் முன்னால் சரிந்து அவள்மேல் தொங்கியது. விலக்கப் போனேன். உள்ளே அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அசையவில்லை. கையை நீட்டி முடியை வளைத்துப் பிடித்து இழுத்தாள். பத்திருபது முடி அவள் கையோடு போனது. வலியில் நான் "ஆ" என்றதும் கெக்கலித்துச் சிரித்தாள்.

இன்னும் இழு என்று தலையை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன்.