அப்பாவின் பேட்ச் சட்டை

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு வந்து சேருகிறவன் முதல் தவணை முடிவதற்குள் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை மனப்பாடம் செய்துவிட வேண்டும். அப்படி ஒரு விதி எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் மாணவத் தலைவர்கள் எந்த மூலையில் வேண்டுமானாலும் மறித்துக் கேட்பார்கள். முதல் அதிபர் யார், பெரிய மண்டபத்துக்கு எப்போது அடிக்கல் நாட்டினார்கள், யுத்தக் காலத்தில் எந்தக் கட்டடத்தை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள்? சொல்லத் தெரியாதவன் மைதானத்தின் நடுவே தனியாக நின்று பள்ளிக்கூடக் கீதத்தைப் பாட வேண்டும். எனக்குப் பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. அந்தப் பயத்திலேயே வரலாறு தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது.

ஆண்டுக்கு ஒரு வரி என்ற கணக்கில் அதை எழுதியிருந்தார்கள். ஓலைக் கொட்டகையில் தொடங்கி, தீப்பிடித்து, ஓடு போட்டு, மாடி ஏறி, நீச்சல் தடாகம் வரைக்கும் வரும். எண்பத்து மூன்றுக்கு நேரே ‘புதிய விஞ்ஞானகூடம் திறக்கப்பட்டது’ என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி ஏதோ கிரிக்கெட் வெற்றி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஓடிவிடுவேன்.

ஓடாமல் நின்ற நேரம் எனக்குக் குறைவு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அம்மா சொல்வார். சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். கண்டியில், ஹந்தானைக்கு ஏறும் வீதியில் எங்களுக்கு வாடகைக்கு இரண்டு அறைகள் இருந்தன. அங்கிருந்து கீழே பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனதாக ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. உருண்டு போனேன் என்று சொன்னால் பொருந்தும்.

புலமைப்பரிசில் பரீட்சையில் தேறி எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைத்தபோது, என்னைவிட அப்பாதான் அதிகம் துள்ளினார். அவர் டவுனில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறவர். எதற்கும் குரல் உயராத மனிதர். அன்றைக்கு மட்டும் கடையிலிருந்து வரும் வழியெல்லாம் கண்ணில் பட்டவர்களிடம், “மகனுக்கும் நம்ம ஸ்கூலே கெடைச்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டினார். இந்தப் படி அவர் காலத்திலேயே உடைந்தது, இந்த ஜன்னலில் நின்றால் ரயில் தெரியும், இந்தக் குழாயில்தான் தண்ணீர் குளிர்ந்து வரும். எட்டாம் வகுப்பு வரைக்கும் இப்படி மூலைமுடுக்கெல்லாம் தெரிந்து வைத்திருந்தவர், மேல் வகுப்புக் கட்டடத்துக்கு வந்ததும், “அது பெரிய பசங்க பக்கம்” என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

எட்டோடு ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேன். லீவுக்குத் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம், அப்படியே அங்கேயே இருந்துவிட்டோம் என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. லீவுக்குப் போய்த் திரும்பி வராமலே இருப்பதற்கு விட்டுக்கொடுத்த தாத்தா எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ரிஸ்வான். அவனுடைய வாப்பாவுக்கு டவுனில் இரும்புக்கடை. பழைய மாணவர் சங்கத்தில் பெரிய கை. பள்ளிக்கூடத்தின் ஆண்டு நிறைவுக்கு நடைபவனி நடக்கப் போகிறது என்று அறிவித்த நாளிலிருந்து ரிஸ்வானுக்கு வேறு பேச்சே இல்லை. வாப்பாவின் பேட்ச் எண்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தை முடிக்கும்போது எழுதுகிற உயர்தரப் பரீட்சையின் ஆண்டுதான் ஒரு பேட்சின் பெயர். நடுவில் விட்டுப் போனவர்களும் தங்களோடு படித்தவர்கள் எந்த ஆண்டோ அந்த ஆண்டில்தான் நடப்பார்கள். ஒவ்வொரு பேட்சும் தனியாகச் சட்டை அடித்து, முதுகில் ஆண்டைப் போட்டு, முன்னால் பதாகையும் பிடித்துக்கொண்டு நடக்கும். இதையெல்லாம் அவன்தான் எனக்குச் சொல்லித் தந்தான்.

என் அப்பாவும் அவன் வாப்பாவும் ஒரே வயது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்படியானால் எங்கள் அப்பாவும் எண்பத்தொன்பதுதான் என்றேன். ரிஸ்வான் அன்றைக்கே வீட்டில் போய் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தான்.

“அப்பிடி ஒரு ஆள் எங்க பேட்ச்லயே இல்லண்டு வாப்பா சொன்னாரு. ஒங்க அப்பா சும்மா கத விடுறாரு.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. பந்தயம் கட்டினோம். நடைபவனியில் என் அப்பா எண்பத்தொன்பதோடு நடந்தால் ஒரு தவணை முழுக்க என் புத்தகப்பையை அவன் தூக்க வேண்டும். நடக்காவிட்டால் அவனுடையதை நான் தூக்க வேண்டும். அவன் பை சாதாரணக் கனம் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு அதற்குள் இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அப்பாவை நான் நிம்மதியாக இருக்க விடவில்லை. உங்கள் பேட்ச் எது, சட்டை எப்போது வரும், யாரோடு பேசினீர்கள் என்று அரித்துக்கொண்டே இருந்தேன். வரும், பார்க்கலாம் என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை. பழைய சிநேகிதர் ஒருவருடைய போன் நம்பரும் அவரிடம் இல்லை. அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சட்டைதான் தெரிந்தது. அது வரவேயில்லை.

அன்று காலையில் அப்பா எல்லோருக்கும் முன்னால் புறப்பட்டுவிட்டார். நல்ல வெயில். அதிலும் ஜெர்கினைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் பூட்டியிருந்தார். “இந்த வெயில்ல எதுக்குங்க இது?” என்று அம்மா கேட்டதற்கு, குளிர்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இரண்டு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஆறாம் வகுப்புக்காரர்களை வாவிக் கரையில் வரிசையாக நிறுத்திக் கையில் காகிதக் கொடி கொடுத்திருந்தார்கள். வருகிறவர்களைப் பார்த்து ஆட்ட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வேலை. என்னால் நிற்க முடியவில்லை. கரைச் சுவரின் முக்கோணத் துளைகளில் காலை விடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். டீச்சர் இரண்டு தடவை காலரைப் பிடித்து வரிசைக்குள் இழுத்து விட்டார். கொடியின் காகிதம் எப்போதோ கிழிந்து, குச்சி மட்டும் மிச்சம்.

எக்காளமும் மேளமுமாகப் பப்பரே வாத்தியம் முன்னால் வந்தது. பின்னால் மூத்த பேட்ச்களிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கி அசைத்தார். அறுபதுகள் போயின. எழுபதுகள் ஆடிக்கொண்டே போயின. எண்பத்தொன்பதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் வாவியில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிஸ்வான் விலாவில் குத்தினான்.

“அங்க பாரு. அது ஒங்க அப்பா இல்லையா?”

எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பதாகை போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் தொப்பையும் நரையுமாக ஒரே மாதிரி நீலச் சட்டைக்காரர்கள். எல்லோருக்கும் கடைசியில், கொஞ்சம் இடைவெளி விட்டு, அப்பா. ஜெர்கின் கையில் மடித்துக் கிடந்தது. அவருடைய சட்டை வெள்ளை. முதுகில் எண்பத்து மூன்று என்று பெரிதாக அடித்திருந்தது. தனியாக ஒரே ஒரு சட்டைக்குச் சொல்லி அடித்திருக்கிறார். பக்கத்தில் பேச யாரும் இல்லாவிட்டாலும், மற்றவர்கள் பாடிய கீதத்தை அவரும் வாய்க்குள் பாடிக்கொண்டு நடந்தார்.

ரிஸ்வான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பேட்ச் மாறி நடக்கிறாரு! இங்க படிச்ச ஆளுக்குத் தன்ட பேட்ச் தெரியாமப் போகுமா?”

டீச்சரின் கைக்குக் கீழே குனிந்து ஓடினேன். அப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

“அப்பா, இது நம்ம பேட்ச் இல்லப்பா. நம்மளது பின்னால வருது. எண்பத்தொம்போது!”

“எண்பத்தொம்போதுல நான் இங்க இல்லையேடா. தெல்தோட்டையில கொழுந்து சாக்கு தூக்கிக்கிட்டு இருந்தேன். எனக்குக் கடைசி எண்பத்து மூணுதான்.”

“அப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாதுப்பா!”

அழுகை வருகிற மாதிரி இருந்தது. இவ்வளவு சின்னக் கணக்கு ஒரு பெரிய மனிதருக்குப் புரியவில்லையே என்று எரிச்சலும் வந்தது. எங்கள் சத்தத்துக்கு முன்னால் போன நீலச் சட்டைக்காரர் ஒருவர் திரும்பினார். தம்பி, உங்களை எங்கள் வகுப்பில் பார்த்த ஞாபகமே இல்லையே என்று சிங்களத்தில் கேட்டார். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். நான் அப்போது எட்டாம் வகுப்பு என்றார் அப்பா. அவர் சிரித்து, அப்படியானால் உங்கள் ஆட்கள் பின்னால் வருவார்களே என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்பா வரிசையைவிட்டு ஓரத்துக்கு வந்தார். பிறகு ஜெர்கினை விரித்து ஒரு கையை நுழைத்தார்.

“வா, வீட்டுக்குப் போவோம்.”

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் போய்விட்டால் ஒரு தவணை முழுக்க ரிஸ்வானின் பை என் முதுகில். “கொஞ்சம் நில்லுங்கப்பா, ஒரே ஒரு நிமிஷம்பா” என்று அவருடைய இன்னொரு கையில் தொங்கினேன். பதாகைகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஒவ்வொன்றுக்கும் அப்பா ஓரடி பின்னால் வைத்தார், நான் ஓரடி முன்னால் இழுத்தேன். எண்பத்தெட்டு போயிற்று. அடுத்த பதாகையின் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு ரிஸ்வானின் வாப்பா வந்தார். “அங்கிள்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். கம்பைப் பக்கத்தில் வந்தவரிடம் திணித்துவிட்டு ஓடி வந்தார்.

“டேய், ஹந்தான!”

அப்பாவை வகுப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். ஹந்தானைத் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர் என்பதால் பெயரே அதுதானாம். அதுதான் ரிஸ்வான் கேட்டபோது அவருக்குத் தெரியவில்லை.

“எங்கடா போன நீ? லீவு முடிஞ்சி வருவேண்டு பார்த்துக்கிட்டே ஈந்தோம். ஒன்ட கதிரைல ஒருத்தனயும் இரிக்க விடல்ல, அந்த வருசம் முடியுங் காட்டியும்.”

“வர முடியல மச்சான்” என்றார் அப்பா.

ரிஸ்வானின் வாப்பா அவரைக் கட்டிப் பிடித்தார். முதுகைத் தட்டும்போது சட்டையில் கை பட்டு, எட்டிப் பார்த்து எண்ணை வாசித்தார். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு தடவை, முதல் தடவையைவிட இறுக்கமாகக் கட்டிக்கொண்டார். எனக்கு அவசரம் தாங்கவில்லை. பேட்ச் கடந்து போய்க்கொண்டிருந்தது.

யாரோ ஒருவர் மிச்சமிருந்த ஒரு பேட்ச் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் வெள்ளைதான், மெல்லிய துணி, முதுகில் எண்பத்தொன்பது. அப்பா ஜெர்கினை என்னிடம் தந்துவிட்டு, அந்தச் சட்டையைப் பழைய சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார்.

“உள்ள இருக்கிறதக் கழட்டிட்டுப் போடுங்கப்பா. வேர்க்குது பாருங்க.”

“இருக்கட்டும்டா.”

நடுவீதியில் சட்டையைக் கழற்ற வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நான்கு பேர் தோளில் கை போட, அப்பா கீதத்தை வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனார். அவருக்குப் பாட்டு இவ்வளவு நன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது. பின்னால் ஓடினேன். வாவியைச் சுற்றி முடிவதற்குள் மேல் சட்டை வியர்வையில் ஒட்டி, அடியிலிருந்த எண்ணும் தெரியத் தொடங்கிவிட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு எண்களும் கலந்து, எந்த ஆண்டென்று யாராலும் வாசிக்க முடியாத ஒரு முதுகு. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு மானம் போனது.

பந்தயத்தில் நான் ஜெயித்தேனா என்பதில் ரிஸ்வானோடு பெரிய சண்டை. பாதி வழி வேறு பேட்சில் நடந்தது செல்லாது என்றான். கடைசியில் இருவர் பையையும் மாறி மாறித் தூக்குவதாக முடிந்தது. அவன் பையில் இருந்த சாப்பாட்டில் பாதி எனக்கு என்றும் பேசிக்கொண்டோம்.

வீட்டில் அம்மா இரண்டு சட்டைகளையும் துவைத்து முற்றத்துக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயப்போட்டார். எண்பத்து மூன்றை மட்டும் அம்மா உள்ளங்கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்தார். “அப்பாவுக்குக் கணக்கே வராதும்மா, ஆறு வருஷம் பிழையாப் போட்டு அடிச்சிருக்காரு” என்று நான் குதித்துக் குதித்துச் சொன்னேன். ஆமாம்டா, எனக்குக் கணக்கு வராது என்று அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

எண்பத்து மூன்று ஆடியில் கண்டி டவுனில் தமிழர்களின் கடைகளைக் கொளுத்தினார்கள் என்பதும், அதில் தாத்தாவின் தையல் கடையும் ஒன்று என்பதும், தெல்தோட்டைக்குப் போனது லீவுக்கு இல்லை என்பதும் ரொம்பக் காலத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அப்பா அல்ல, அம்மாதான் சொன்னார். அன்றைக்கு முற்றத்தில், எண்பத்து மூன்றில் என்ன நடந்தது என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், புதிய விஞ்ஞானகூடம் திறக்கப்பட்டது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடியிருப்பேன்.