பனிப் பாடமும் பூசணிக்காயும்

பனி உறைந்த சாலையில் கார் ஓட்டுவது எப்படி என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் விதிகளை மனப்பாடம் செய்தே பிழைத்தவன் நான். அவற்றில் இதைப்போல் சென்னைக்கு உபயோகமில்லாத ஒன்று கிடையாது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

நாற்பதுகளின் பிற்பாதியில் லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்க எனக்குக் கிடைத்தது இங்கிலாந்தில் அச்சான ஒரு கையேடு. மழைக்கு அதில் அரைப் பக்கம். பனிக்கு ஒரு முழு அத்தியாயம். இரண்டாம் கியரில் கிளம்பு. பிரேக்கை அழுத்தி மிதிக்காதே. வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ, ஸ்டியரிங்கையும் அதே பக்கம் திருப்பு. வண்டி நின்றுபோய்ச் சக்கரம் சும்மா சுற்றினால் அடியில் மணல் போடு. பரீட்சை வைத்த இன்ஸ்பெக்டரிடமும் அதே புத்தகம்தான் இருந்தது போலும். பனியைக் கண்ணால் பார்த்திராத அவர், பனியைக் கண்ணால் பார்த்திராத என்னிடம், பனியில் வண்டி வழுக்கினால் என்ன செய்வாய் என்று கேட்டார். ஒப்பித்தேன். கையெழுத்துப் போட்டார். நாங்கள் இருவரும் அறிந்த ஐஸ், மரத்தூளில் புதைத்து விற்றது மட்டும்தான்.

அப்போது நான் மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். அப்பா அம்மா இல்லை. அத்திம்பேருக்குப் பம்பாயில் வேலை என்பதால் அக்கா பிரசவத்துக்கு என்னிடம் வந்திருந்தாள். கீழே வீட்டுக்காரர். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. யுத்தம் முடிந்தும் டயர் சுலபத்தில் கிடைக்காத காலம். நான்கு டயரும் மழமழவென்று தேய்ந்திருந்தன. அவருடைய டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கடற்கரைச் சாலையில் மூன்று தடவை அதை ஓட்டியிருக்கிறேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அக்காவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அடுத்த தெருவிலிருந்து பிரசவம் பார்க்கும் நர்ஸ் அம்மாளை அழைத்து வந்தேன். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"இங்க வச்சிப் பாக்க முடியாது தம்பி. ரத்தம் நிக்கல. எழும்பூருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடணும். ஒரு மணி நேரம் போச்சின்னா தாயும் இல்ல, புள்ளயும் இல்ல."

"ஜட்கா கூப்பிடட்டுமா?"

"ஜட்காவா? அது குலுக்கற குலுக்கல்ல வழியிலியே முடிஞ்சிடும்."

ஆம்புலன்ஸ் வரவழைக்கும் முறையும் எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் டெலிபோன் வைத்திருந்த ஒரே மனிதர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார். நான் கீழே ஓடினேன். கொட்டகையில் கார் சந்தனமும் குங்குமமும் இட்டுக்கொண்டு, மாலையோடு நின்றிருந்தது. டிரைவர் வடபழனி கோயிலுக்குப் போய்விட்டான்.

"மாமா, கார் வேணும்."

"இன்னிக்கா? பூஜையில வெச்ச வண்டிடா. நாளைக்குக் காலம்பற வரைக்கும் தொடப்படாது."

"அக்காவுக்கு ரத்தம் போயிண்டே இருக்கு, மாமா."

வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஒரு கணம் மாடிப்படியைப் பார்த்தார். "சரி, எடுத்துண்டு போ. ஆனா வெறுமே எடுக்கப்படாது. டிரைவர் பூசணிக்கா வாங்கி வெச்சிருக்கான். அதை உடைச்சுட்டுப் போ."

வாதாடுவதற்கு ஆகும் நேரத்தைவிடப் பூசணிக்காய் உடைக்க ஆகும் நேரம் குறைவு. அக்காவைப் பின் ஸீட்டில் படுக்க வைத்தோம். அவள் தலை நர்ஸ் அம்மாளின் மடியில். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார் வீட்டுக்காரர். கற்பூரம் ஏற்றிச் சுற்றி, கொட்டகையிலிருந்து இறங்கும் சரிவு தெருவில் முடியும் இடத்தில், வாசலுக்கு நேராகவே பூசணிக்காயைப் போட்டு உடைத்தார். தூறல் விழ ஆரம்பித்தது. கையேட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அது சரஸ்வதி படத்துக்கு முன்னால், அடுக்கில் மூன்றாவதாக இருந்தது. காலையில் நானேதான் வைத்தேன். அன்று புத்தகத்தைத் தொடுவதும் கூடாது.

வாசலைத் தாண்டும்போதே பின்சக்கரம் எங்கள் பூசணிக்காய் மேல் ஏறியது. வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் போய் வாசல் தூணில் இடித்தது. அக்கா முனகினாள்.

"பாத்தியா, இதோட திருஷ்டி கழிஞ்சுடுத்து," என்றார் வீட்டுக்காரர்.

லஸ்ஸைக் கடந்து ராயப்பேட்டைப் பக்கம் திரும்பியதும் சாலையைப் பார்த்தேன். அதுவரை அந்த ஊரில் இத்தனை கடைகள் உண்டு என்று நான் கவனித்ததில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. வெள்ளைச் சதை, அதில் குங்குமச் சிவப்பு, தூறலில் கரைந்து தார் மேல் பரவிக்கொண்டிருந்தது. பின் ஸீட்டில் விரித்திருந்த வெள்ளைப் புடவையும் அதே நிறத்தில் ஆகிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். வலது கையால் ஸ்டியரிங், இடது கையால் கண்ணாடி துடைக்கும் கம்பி. அந்த வண்டியில் அதைக் கையால்தான் ஆட்ட வேண்டும்.

"ஏன் தம்பி ஊர்ற? நடந்து போறவன்லாம் நம்மளத் தாண்டிப் போறான்."

"வழுக்கறது."

"இங்கியும் வழுக்கிக்கினுதான் போவுது, உசுரு."

வேகத்தைக் கூட்டினேன். கார் பழுது பார்க்கும் பட்டறைகள் வரிசையாக இருந்த இடம் வந்தது. மற்றக் கடைக்காரர்கள் ஒன்று உடைத்தால், பட்டறைக்காரர்கள் நாலைந்து உடைத்திருந்தார்கள். தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வெள்ளை. என் கையேட்டில் ஒரு படம் இருந்தது, பனி மூடிய ஆங்கிலக் கிராமத்துச் சாலை. அதுவேதான். அத்தியாயம் முழுவதும் வரிசையாக ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்துகொண்டிருக்கும்போதே, பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன்.

வண்டி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் சுழன்றது. பின்பக்கம் இடதுபுறம் போயிற்று. நான் ஸ்டியரிங்கை வலதுபுறம் ஒடித்தேன். இரண்டாவது தப்பு. கடைகள் கண்ணாடியில் ஒரு பக்கமாக ஓடின. கடைசியில் கார் டிராம் தண்டவாளத்தின் குறுக்கே போய் நின்றது. தண்டவாளத்தில் டிராம் வந்துகொண்டிருந்தது. டிரைவர் காலால் மணியை மிதித்துக்கொண்டே இருந்தான். கியரைப் போட்டு அழுத்தினேன். சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். இன்னும் வேகமாகச் சுற்றியது.

"டேய்," என்றாள் அக்கா. வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அவள் பேசிய ஒரே சொல் அது. அவள் பக்கத்துக் கதவுக்கு நேராகத்தான் டிராம் வந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

மணி நின்றது. கண்ணைத் திறந்தபோது டிராம் நான்கடி தூரத்தில் நின்றிருந்தது. டிரைவர் ஒரு வாளியோடு இறங்கி வந்தான்.

"இன்னா நைனா, தண்டவாளத்து மேல வந்து படுத்துக்கினு கீற? வூட்ல எடம் இல்லியா?" ஜன்னல் வழியே பின் ஸீட்டைப் பார்த்தான். அதற்கு மேல் கேலி செய்யவில்லை. ஈரத் தண்டவாளத்தில் தூவ டிராமில் வைத்திருக்கும் மணலை என் பின்சக்கரங்களுக்கு முன்னால் கொட்டினான்.

"பெடல அமுக்காத. ரெண்டாவதுல போட்டு மெள்ள வுடு. மெள்ள."

இரண்டாம் கியர். மணல். எல்லாம் நான் ஒப்பித்த அதே வரிசை. அவன் எந்தப் புத்தகமும் படித்திருக்க மாட்டான். கார் நகர்ந்தது.

எழும்பூர் வந்து சேர்ந்தது எப்படி என்று எனக்கு நினைவில்லை. அக்காவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். என்னிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். படிவம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஆபீஸில் பெயர். ஆனால் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுத்தன. இன்னும் ஸ்டியரிங்கைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன. நர்ஸ் அம்மாள்தான் விளக்கு வைக்கும் நேரத்தில் வெளியே வந்து, "பொண்ணு. ஒண்ணர வீசகூட இருக்காது, ஆனா கத்துது. அக்காவுக்கு ரத்தம் நின்னுடுச்சி. போய் ஒரு வாய் காப்பி குடி," என்றாள்.

வெளியே வந்து காருக்கு எதிரே நின்றேன். சக்கரத்தில் பூசணி விதையும் மணலும் ஒட்டியிருந்தன. சாவியைக் கையில் எடுத்தேன். மறுபடி ஜேபியில் போட்டுக்கொண்டு மயிலாப்பூருக்கு நடந்தே வந்தேன், கடைகள் இல்லாத தெருக்களாகப் பார்த்து.

வாசலில் வீட்டுக்காரர் காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கை கூப்பினார். "பூசணிக்கா உடைச்சதுதான் காப்பாத்தித்து," என்றார். பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தார். "வண்டி எங்கடா?"

"ஆஸ்பத்திரியிலதான் நிக்கறது. நாளைக்கு டிரைவர் போய் எடுத்துண்டு வரட்டும். பூஜையில வெச்ச வண்டியை இன்னிக்குத் தொடப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள், மாமா."