நாற்பது பொன்னாடை

ராஜபாளையத்தில் கலை மன்றம் நடத்துகிறோம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் பெரிய கட்டடம் ஒன்றை நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்குக் கட்டடம் கிடையாது. ஒரு பீரோ உண்டு; அதுவும் தலைவர் வீட்டு மாடியில் இருக்கிறது. தலைவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருப்பவர் துணைத்தலைவர். நான் செயலாளர். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தட்டச்சு வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்து, அடுப்புப் பற்ற வைப்பதற்கு முன்னால் கிடைக்கிற நேரத்தில் மன்ற வேலை பார்ப்பேன். யாருக்கும் சம்பளம் கிடையாது. அதனாலேயே ஆளாளுக்கு அதிகாரம் ஜாஸ்தி.

வருஷத்துக்கு ஒரு விழா. கல்யாண மண்டபத்தை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் எங்களுக்குச் சும்மா தருவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண் வீட்டார் வந்து இறங்குவார்கள். அதற்குள் கூட்டிப் பெருக்கி ஒப்படைத்துவிட வேண்டும். ஆக, காலை பத்திலிருந்து ஒன்றரை வரைதான் எங்கள் விழா.

சில வருஷங்களுக்கு முன்பு, தளவாய்புரத்தில் ஒரு நைட்டி கம்பெனியில் தைக்கிற ஒன்பது பெண்கள் நாடகம் போடுகிறோம் என்று வந்தார்கள். எழுதியது, சொல்லிக்கொடுத்தது, முக்கிய வேஷம் எல்லாம் ஒருத்திதான். முப்பது வயசு இருக்கும். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினில் வேலை. புருஷன் ராணுவத்தில், எல்லைப் பக்கம். நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கம்பெனிக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் ஒத்திகை பார்த்தார்கள். நானும் இரண்டு முறை போய் உட்கார்ந்தேன்.

கதை சின்னது. தூரத்தில் வேலை பார்க்கும் புருஷன் தினமும் சாயங்காலம் போன் போடுவான். ஒருநாள் போர்வெல் மோட்டார் எரிந்துபோயிருக்கும், ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருநாள் மாமியார் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருப்பாள். "எப்படி இருக்கீங்க?" என்று அவன் கேட்பான். "நல்லா இருக்கோம்" என்று இவள் சொல்வாள். அவ்வளவுதான் நாடகம். முப்பத்தைந்து நிமிஷம்.

இது உன் கதையா என்று கேட்டேன். தலையைக் குனிந்து நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்: "எட்டு வருசமா அப்படித்தான்க்கா சொல்லுதேன். இப்ப உள்ளதச் சொல்லணும்னு நெனச்சாலும் போன்ல வாய் வரமாட்டேங்கு. அவிய லீவுல வாராக. மேடையில சொல்லிருவேன்."

புருஷனின் லீவு விழாவுக்கு மூன்றாவது நாள், புதன்கிழமை, முடிந்தது. சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகு ஒரு வருஷம் கழித்துத்தான் வருவார். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பொன்னாடைப் பட்டியல் என் பொறுப்பு. முந்தின வருஷம் மண்டபக்காரரின் மைத்துனர் பெயரை விட்டுவிட்டோம். அந்த மனுஷர் ஒரு வருஷம் எங்களைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனார். அதிலிருந்து யாரையும் விட்டுவிடக் கூடாது என்பது எங்கள் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. ஒருவருக்குப் பொன்னாடை போர்த்த அவருக்குச் சமமான தகுதி உள்ள ஒருவர் வேண்டும். போர்த்துகிறவரை வெறுங்கையோடு மேடையை விட்டு இறக்கினால் மரியாதை இல்லை. அவருக்கும் ஒன்று போர்த்த வேண்டும். ஆகப் பதினைந்து பெயர் எழுதினால் முப்பது ஆகிவிடும். மண்டபக்காரரையும் சேர்த்து முப்பத்தொன்று. அதை அழகாகத் தட்டச்சு செய்து மூன்று பிரதி எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தவள் நான்தான். இதில் ஒரு பெருமை வேறு எனக்கு.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். பொன்னாடை வாங்கிய ஒவ்வொருவரும் ரெண்டே ரெண்டு வார்த்தை பேசினார்கள். ஒருவர் தன் அறுபதாம் கல்யாணத்திலிருந்து தொடங்கினார். ஒருவர் அய்யனார் கோவில் அருவியில் இந்த வருஷம் தண்ணீர் எப்படி என்று விளக்கினார். ஐந்தாவது வரிசையில் அந்த ராணுவக்காரர் மகளை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பக்கத்து அறையில் ஒன்பது பெண்களும் வேஷம் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு மணி ஆனபோது கொல்லைப்புறம் கல்யாண வீட்டுக் காய்கறி வண்டி வந்து நின்றது.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மைக்கை வாங்கி, நேரம் இல்லாத காரணத்தால் நாடகத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைப்பதாகவும், ஆனாலும் நாலு மாதம் உழைத்த சகோதரிகளை வெறுங்கையோடு அனுப்ப மன்றத்துக்கு மனசு வரவில்லை என்றும் சொன்னார். ஒன்பது பேரையும் மேடையில் ஏற்றினோம். நான் பெயர் வாசிக்க, ஒவ்வொருத்திக்கும் ஒரு பொன்னாடை, ஒரு போட்டோ. கூட்டம் கைதட்டியது. போடாத நாடகத்துக்கு நாங்கள் செய்த மரியாதை. அதற்கே இருபத்தைந்து நிமிஷம் ஆனது. கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

கீழே இறங்கியதும் அவள் பொன்னாடையை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தாள். மற்ற எட்டுப் பேரும் அப்படியே செய்தார்கள். போகிற போக்கில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்களுக்குத் துண்டு வேண்டாம்க்கா. அரை மணி நேரந்தான் வேணும்னு இருந்தோம்."

புருஷன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். என்ன நாடகம் என்று அவருக்குத் தெரியாது. பரவாயில்ல, அடுத்த லீவுல பாப்போம் என்று அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும், அது என் சுபாவம்.

அன்று சாயங்காலமே தலைவர் வீட்டு மாடிக்குப் போனேன். புதன்கிழமைக்குள் நாடகம் நடந்தாக வேண்டும் என்றேன். துணைத்தலைவர் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். என்னை அமர்த்துவதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. தலைவர் மண்டபம் இல்லை, அனுமதி இல்லை, அழைப்பிதழ் இல்லை என்று அடுக்கினார். பட்டியலைக் குறைத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, மரியாதை செய்யலேன்னா நாளைக்கு ஊருல எவன் நம்ம வாசலுக்கு வருவான்?" என்றார்.

"ஒருத்தரும் வர வேண்டாம். ஒரே ஒரு ஆளு பாக்கணும். அவரு புதன்கிழமை ரயிலேறிருவாரு. நீங்க வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, நான் நடத்தத்தான் போறேன்."

பால்கோவாவைத் தொடாமல் எழுந்து வந்தேன். அதில் கொஞ்சம் வருத்தம்தான், நல்ல சூடான பால்கோவா.

திங்கட்கிழமை கோர்ட் முடிந்ததும் நேராகத் தளவாய்புரம். கம்பெனி விடுகிற நேரம். அவள் என்னைக் கண்டும் காணாததுமாகச் சைக்கிளை எடுத்தாள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். ஒருதரம் அசிங்கப்பட்டது போதும், என் வீட்டுக்காரருக்கு எதிரில் இன்னொருதரம் முடியாது என்றாள். பட்டியலைப் போட்டது நான்தான் என்று சொன்னேன். தலைவர் மேல் பழியைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். அவளும் அதைத்தான் நம்பியிருந்தாள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டாள். அப்புறம் இரண்டு நிபந்தனை போட்டாள். யாருக்கும் எதுவும் போர்த்தக் கூடாது. யாரும் பேசக் கூடாது.

அடுத்து முதலாளி. செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தையல் கூடத்தைத் தரும்படி கேட்டேன். மனுஷர் நல்லவர், உடனே சரி என்றார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, நான்தான் சிறப்பு விருந்தினரா என்றார். இல்லை என்றேன். துண்டு கிண்டு ஏதும் உண்டா என்றார். கிடையாது என்றேன். முகம் சற்று வாடியது. இருந்தாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஐம்பது நிமிஷம், மணி அடித்ததும் மிஷின் ஓட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். பெண்கள் அவசர அவசரமாகச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மிஷின்களைச் சுவரோரம் தள்ளினார்கள். யார் சொன்னார்களோ, அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக் கேட்டுக்குள் தலைவர் வருகிறார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பெரிய கட்டைப்பை. பையின் வாயில் ஜரிகை மின்னியது. ஓடிப்போய் வாசலை மறித்து நின்றேன்.

"போத்த வரலம்மா. இதுக அந்தப் பிள்ளைக வச்சிட்டுப் போனதுல்லா. அவியட்டயே குடுத்துட்டுச் செத்த நேரம் உக்காந்து பாத்துட்டுப் போறேன்" என்றார்.

ஒன்பது பொன்னாடைகளையும் ஒரு மிஷின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். அந்த மனுஷர் எந்த நிகழ்ச்சியிலும் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உடை மாற்ற மறைவு இல்லையே என்று பெண்கள் விழித்துக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு பேர் பொன்னாடைகளை வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து மிஷினில் ஓட்டினார்கள். ஐந்து நிமிஷத்தில் திரை தயார். கயிற்றில் அதைக் கட்டித் தொங்கவிட்டபோது முதலாளியே வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

அவள் வரச்சொல்லி வந்திருந்த ராணுவக்காரர் துணி பண்டல் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். நாடகம் தொடங்கியது. மோட்டார் எரிந்ததும் போன் வந்தது. "நல்லா இருக்கோம்" என்று அவள் சொன்னபோது கூடமே சிரித்தது. காய்ச்சலுக்கும் சிரித்தார்கள். மாமியார் விழுந்தபோது பாதிப் பேர்தான் சிரித்தார்கள். நாலாவது போன் வருவதற்கு முன் அவள் ஒன்றும் செய்வதில்லை. தனியாக உட்கார்ந்து ஒரு தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு இருப்பாள், அவ்வளவுதான். போன் அடித்தது. எடுத்து, "நல்லா இருக்கோம்" என்றாள். ஒருத்தர் கூடச் சிரிக்கவில்லை.

நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மிஷின்கள் பழைய இடத்துக்கு வந்தன. அவள் வேஷப் புடவையோடேயே ஓவர்லாக்கில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். புருஷன் எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். தம்ளரை எடுத்தார், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அப்புறம் யாரிடமும் பேசாமல் வெளியே போய்விட்டார். மறுநாள் ரயிலும் ஏறிவிட்டார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் பிடிவாதத்தால் ஒரு குடும்பத்தில் கல்லெறிந்துவிட்டேனோ என்று பஸ்ஸிலும் வேலையிலும் அதே நினைப்பு. போய்க் கேட்கவும் முகம் இல்லை. மன்றக் கூட்டத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இனி நாடகம் முதலில், பொன்னாடை கடைசியில், அதுவும் நேரம் இருந்தால் என்று தீர்மானம் எழுதினேன். துணைத்தலைவர் முதலில் கையெழுத்துப் போட்டார். தலைவர் பேனாவை ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுப் போட்டார். அதன் பலனாக முதல் வரிசை நாற்காலிகள் இன்றுவரை பாதி காலியாகத்தான் கிடக்கின்றன. கிடக்கட்டும் என்று இருக்கிறோம்.

ஒரு மாதம் கழித்து, அடுத்த விழாவுக்கு அவர்களைக் கேட்க வேண்டிய வேலை வந்தது. வேறு யாரையாவது அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் நானே போனேன். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். டீ போட எழுந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் ஏதும் சொன்னாரா என்று மென்று விழுங்கிக் கேட்டேன். பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. கையில் ஊசி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

"எப்படி இருக்கீங்க?" என்றது அவர் குரல்.

"நல்லா..." என்று ஆரம்பித்தாள்.

"அது வேண்டாம். காலையிலேருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லு. எனக்கு நேரம் இருக்கு."

நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"வெரல்ல ஊசி ஏறிருச்சு," என்றாள். "போன வாரம். உங்கட்ட சொல்லல."