அண்ணன் இருக்கிறார் என்று சொன்னோம்

அட்டன் தொலைபேசி நிலையத்தில் தற்காலிக ஆப்பரேட்டராக நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்துவிட்டது. டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து அரசாங்க வேலைக்குப் போனவன் நான் ஒருவன்தான். ஒருநாள் போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"உன்னை பெர்மனன்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேன். பொலிஸ்ல விசாரிக்க வருவாங்க. அரசாங்க டெலிபோன் கோல் எல்லாம் நம்ம போர்டு வழியாத்தானே போகுது. வெளிநாட்டுல யாராவது இருக்காங்களா?"

"அண்ணன் திருச்சியில இருக்காருங்க சார். அங்க போலீஸ்காரரு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்தப் பேச்சை எடுக்காம இருந்தா நல்லது," என்றார்.

அண்ணன் சிதம்பரம் சிறு வயதிலேயே மாமாவோடு இந்தியாவுக்குப் போய்ப் படித்தவர். அவரைப் பற்றிப் பேசாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் லயத்துக்கு வந்தார். என்னைப் பற்றிக் கேட்டுவிட்டு, "மூத்த மகன் எங்கே?" என்றார்.

அப்பா சுவரில் இருந்த படத்தைக் கழற்றி, துண்டால் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். அண்ணன் காக்கி உடுப்பில் நிற்கும் படம்.

"அவனும் ஒங்க மாதிரிதாங்க மாத்தயா. இந்தியாவுல பொலிஸு."

இன்ஸ்பெக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்ல மகன்," என்றார். தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தார். ரோட்டுக்கு இறங்கும் வழியில் என்னிடம், "தம்பி, பார்த்ததை நான் எழுதத்தான் வேணும்," என்றார்.

அடுத்த மாதம் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "உன் வேலையில ஒரு குறையும் இல்லை," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "அந்த இன்ஸ்பெக்டர் மாத்தயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன். தங்கமான மனுசன்," என்றார். சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தோட்டத்து ஆபீசில் கிளார்க்கானேன்.

அப்பா இறந்ததும் அண்ணனுக்குத் தந்தி கொடுத்தேன். அவர் வரவில்லை, பதிலும் இல்லை. கொள்ளி வைத்த கையோடு எனக்குள் கோபமும் மூண்டது. மறுவருடம் தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சிக்குப் போனேன். பொலிஸ் குவாட்டர்ஸ் வாசலில் என்னைக் கண்டதும் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. கையைப் பிடித்து, தெருக்கோடி டீக்கடைக்குக் கூட்டிப்போனார்.

"வேலைக்குச் சேரும்போது கேட்டாங்கடா, வெளிநாட்டுல யாராவது இருக்காங்களான்னு. யாருமில்ல, அப்பா என் சின்ன வயசிலேயே செத்துட்டாருன்னு சொல்லிட்டேன். தந்தி வந்த அன்னைக்கும் டூட்டிக்குப் போனேன். தலைய மழிச்சா ஏன்னு கேப்பாங்கல்ல." பிறகு கேட்டார்: "ஒன்கிட்டயும் கேட்டிருப்பாங்களே. நீங்க என்ன சொன்னீங்க?"

"அண்ணன் இருக்காருன்னு சொன்னோம்ணே."

அவர் டீயைத் தொடவில்லை. எனக்கும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அரசாங்க வேலைக்கு மனுப்போடும் பிள்ளைகள், இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று என்னிடம் கேட்கிறார்கள். இருப்பவர்களை இருக்கிறார்கள் என்றே சொல்லுங்கள் என்பேன். வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஒருவரை இல்லை என்று சொல்லிவிட்டால், அவர் உண்மையிலேயே இல்லாமல் போகும் அன்றைக்கு அழக்கூட வழியிருக்காது.