ஒரே ஒரு உயிர் மிச்சம்

அடிக்கடி ஹேங் ஆகும் கையடக்க கேம் பெட்டிக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், போட இன்று தஞ்சாவூர் போனேன். ஐம்பது வயதில், வெட்கமில்லாமல்.

கடைக்காரப் பெண் பெட்டியை ஆன் செய்து பார்த்தார்.

"அண்ணே, மெமரி கார்டை அழிச்சுட்டுதான் ஏத்தணும். இதுல ஒரு ஆட்டம் பாதியில நிக்குது, ஒரே ஒரு உயிர்தான் மிச்சம். புதுசா ஆடினா மூணு உயிர் வரும். அழிச்சிரவா?"

அது போன தையில் இறந்த என் மனைவி ஆடியது. குடவாசலிலிருந்து கீமோவுக்கு வந்துபோன பஸ்ஸில் ஆடி, தோற்கப் பிடிக்காமல் நிறுத்தி வைத்தாள். "நீங்க தொட்டா கொன்னுடுவீங்க" என்று எனக்குத் தடை வேறு.

"வேண்டாம்மா, இருக்கட்டும்."

"மறுபடி ஹேங் ஆகுமேண்ணே?"

"நானும்தான் ஆகுறேன். என்னை யாரு அப்டேட் பண்றா?"

அவர் சிரித்தார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆட்டத்தை வேறொரு கார்டில் காப்பி எடுத்து வைக்கலாமே என்று கமெண்ட்டுக்கு வரப்போகிறவர்களே, அது எனக்கும் தெரியும். எடுக்கும்போது கை பட்டு ஆட்டம் ஓடிவிட்டால் அவளுக்கு யார் பதில் சொல்வது, நீங்களா?