கீறல் விழுந்த மாதங்கள்

சந்திரகலா முதல் நாள் பயிற்சியிலேயே ஒரு பிளாப்பியைக் கொன்றாள்.

சுரங்க ஒப்பந்தக்காரர்களுக்காகக் கூலியாட்களின் வருகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிளாப்பித் தகடுகளில் சேமித்துவைக்கும் சிறிய அலுவலகம் அது, பஜாருக்குப் பின்னால் இருந்தது. எண்பத்தாறில், வடக்கே ஊர் ஊராக அலைந்துவிட்டு அப்பாவின் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய நான், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அங்கே சேர்ந்தேன். கூடச் சேர்ந்தவன் கருணாகரன். எங்களைப் பழக்கிய சந்திரகலாவுக்கு எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட.

நிலக்கரித் தூசியை ஒரு சிட்டிகை தூவிய பிளாப்பியை, ஒதுக்கிவைத்த பழைய டிரைவில் செருகி ஓடவிட்டாள். கரகரவென்று சுரண்டியது.

“இந்தச் சத்தம் கேட்டா கையைக் கட்டிக்குங்க. பிளாப்பி கெட்டுப்போச்சுன்னு அடுத்த காப்பியை உள்ளே விடத் தோணும். கெட்டது டிரைவ். இருக்கிற எல்லாத்தையும் தின்னுட்டுத்தான் அடங்கும்.”

உறையின் திறப்பில் தெரியும் கறுப்புப் பரப்பில் விரல் படக் கூடாது, கெட்டுப்போனதைத் தூக்கி எறியவும் கூடாது என்பாள். எங்கள் விரல் அருகே போனாலே ஸ்கேலால் தட்டிவிடுவாள்.

சித்திரையில் ஏ.சி. நின்றுபோனது. முதலாளி ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் மேசையெல்லாம் படிந்தது. யார் யாரைப் பெர்மனென்ட் ஆக்கலாம் என்று பார்க்க, ஒப்பந்தக்காரர் வேலை நாள் கணக்கு கேட்டிருந்த வாரம். சந்திரகலா சேத்தியாத்தோப்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். டிரைவ் சுரண்டியது. கருணாகரன் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். முதலாளி அடுத்ததைப் போடச் சொல்லிக் கத்தினார். போட்டான். அதுவும் போயிற்று.

மூன்றாவதைப் போடுவதற்குள் சந்திரகலா வந்துவிட்டாள். டிரைவைக் கழற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, வெற்றுப் பிளாப்பியை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அந்த மூன்றாவதைச் செருகினாள். படித்தது. ஆனால் அது பொங்கலுக்கு முன் எடுத்த காப்பி. தை, மாசி, பங்குனி இல்லை. வருகைத் தாள்களை ஒப்பந்தக்காரர் திரும்ப வாங்கிப் போயிருந்தார். கேட்டால், கிழித்துப் போட்டாயிற்று என்றார்.

அந்த மாதங்களுக்குப் பூஜ்யம் போட்டு அச்சடிக்கச் சொன்னார் முதலாளி.

“பூஜ்யம்னா அவங்க வேலைக்கு வரலைன்னு அர்த்தம் சார். நம்மகிட்ட இல்லைங்கிறது வேற. கட்டத்தைக் காலியா விட்டு, கணக்கு கெட்டுப்போச்சுன்னு கீழே எழுதிடலாம்.”

எழுதினால் ஒப்பந்தமே கையைவிட்டுப் போகும் என்றார் அவர். அவள் மாட்டேன் என்றாள். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கெட்டுப்போன பிளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். கருணாகரன் பூஜ்யம் போட்டான். அவன் தலை நிமிரவே இல்லை.

பெர்மனென்ட் ஆகிறவர்களின் பட்டியலில் கம்மாபுரம் அம்சவல்லியின் பெயர் இல்லை. நடவுக்குப் போய்ப் பிழைத்தவள். வயல்களைச் சுரங்கத்துக்கு எடுத்ததும், அதே சுரங்கத்தில் மண் அள்ள வந்தாள். அந்த மூன்று மாதம் சேர்ந்திருந்தால் அவளுக்கு வேண்டிய வேலை நாள் கணக்கு நிறைந்திருக்கும். பூஜ்யம் விழுந்த விஷயம் தெரிந்து சந்திரகலாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“ஏம்மா, மூணு மாசமும் நான் வரலியாமே. அப்ப மண்ணு அள்ளிகினு இருந்தது யாரு, என் ஆவியா?”

சந்திரகலா அவளைத் தொழிலாளர் அதிகாரியிடம் கூட்டிப் போனாள். நானும் போனேன். பூஜ்யம் பொய் என்று சொல்லி, பிளாப்பியை மேசைமேல் வைத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இதுல என்ன இருக்கு?”

“இவங்க வேலைக்கு வந்த நாளுங்க சார்.”

“எடுக்க முடியுமா?”

“முடியாது சார்.”

அவர் அதை மேசை ஓரமாக நகர்த்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில், சந்திரகலா எடுத்து வந்திருந்த பிளாப்பியை அம்சவல்லி வாங்கிப் பார்த்தாள். கறுப்புப் பரப்பில் வட்டமாக விழுந்திருந்த கீறல்மேல் விரலை வைத்து மெல்ல ஓட்டினாள்.

“இதுலயா இருந்தேன்?”

சந்திரகலா ஆமாம் என்றாள். அந்த விரலை அவள் தட்டிவிடவில்லை.