ஊசியை நம்பாத டிரெஸர் சவரிமுத்து

டிரெஸர் சவரிமுத்து இறந்துவிட்டார் என்று அவருடைய மருமகன் ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னா? டாக்டர் பாத்தாரா?" என்பதுதான். பாவம், அந்தப் பிள்ளை திகைத்துப் போனான். "நான்தான் மிஸ்ஸி பக்கத்துலயே இருந்தேன்" என்றான். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சாவுச் செய்தியையே சாட்சி கேட்டு வாங்குகிற புத்தி எனக்கு யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று நம் ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்ட ஆஸ்பத்திரிக்கு டாக்டர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் மருந்து கொடுத்தது சவரிமுத்து அண்ணன். பிரசவம் பார்த்தது மிஸ்ஸியான நான்.

பத்து காஜா ஊரில் அடக்கத்தன்று கல்லறை வாசலில் ஒருவர் சொன்னார்: "நல்ல மனுசன்தான்லா. ஆனா அஞ்சலை விசயத்துல தோட்டத் தொரை பக்கம் சாஞ்சிட்டாரு." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தப் பழி அவருடையது அல்ல என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இதை எழுதுகிறேன்.

அவர் சந்தேகப் பிராணி. காய்ச்சல் என்று வருகிறவனை நம்பமாட்டார், தொட்டுப் பார்ப்பார். தன் கையையும் நம்பாமல் தெர்மாமீட்டர் வைப்பார். அதையும் உதறி இன்னொரு தடவை வைப்பார். அதற்குள் வந்தவனுக்குக் காய்ச்சல் தணிந்தே போய்விடும் என்று நான் கேலி செய்வேன்.

எழுபதுகளின் நடுவில் எங்கு பார்த்தாலும் அக்குபங்சர் பேச்சாக இருந்தது. சீனாவில் மயக்க மருந்தில்லாமல் ஊசி குத்தியே ஆப்பரேஷன் செய்கிறார்களாம் என்று பேப்பரில் வந்தது. ஈப்போவில் ஊசி குத்தும் சின்சே என்ற சீன வைத்தியர் ஒருவரிடம் நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனார்கள். "பேப்பர்லயே போட்டுட்டான் அண்ணே" என்றால், "ஏன், பேப்பர்காரனுக்கு முதுகுவலியா?" என்பார் அண்ணன்.

எனக்கு அப்போது தீராத ஒற்றைத் தலைவலி. நானும் போனேன். மூன்று தடவை குத்திக்கொண்டதும் வலி நின்றது. திங்கட்கிழமை காலையில் வெற்றிக் கொடி பிடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். அவர் மாத்திரை எண்ணுவதை நிறுத்தவில்லை.

"வலி ரொம்ப முத்துனப்பதானே மிஸ்ஸி பஸ் ஏறுனீங்க?"

"பின்னே, வலி இல்லாதப்பவா போவாங்க?"

"முத்துன வலி தானாவும் இறங்கும். போன வருசம் ஊசி இல்லாம எத்தன தடவ இறங்குச்சு? எழுதி வச்சிருக்கீங்களா? அந்தச் சின்சே வேற எடத்துல குத்தியிருந்தாலும் இப்படித்தான் கொறஞ்சிருக்குமான்னு யாராச்சும் பாத்தாங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் தலை, என் வலி, இவர் யார் கணக்குக் கேட்க? ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த நேரத்தில்தான் அஞ்சலைக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் பாலுக்குப் பட்டை சீவும் வேலை. உயரத்தில் உள்ள பட்டையை வெட்டக் கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், தூக்க முடியவில்லை. டிரெஸர் லேசான வேலைக்குச் சிட்டு எழுதிக் கொடுத்தார். அவளும் ஈப்போவுக்குப் போகத் தொடங்கினாள். சின்சேயிடம் "நல்லாருக்கு" என்றாள். டிரெஸரிடம் "இன்னும் வலிக்குதுங்கய்யா" என்றாள். என்னிடம் "பாதி தேவலாம் மிஸ்ஸி" என்றாள். மூன்றும் ஒரே வாரத்தில்.

"ஊசிய விடுங்க" என்றார் அண்ணன். "அவ பொய் சொல்லல. எதிர்ல நிக்கிறவன் மனசு கோணக் கூடாதுன்னு பாக்குறா. சிட்டு குடுக்குற எங்கிட்ட வலி போச்சுன்னு எவ சொல்லுவா? இனி கேக்கவே கூடாது, அளக்கணும்."

ஆஸ்பத்திரிச் சுவரில், உயரப் பட்டை வெட்டக் கை எட்ட வேண்டிய இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். திங்கட்கிழமைதோறும் அஞ்சலை சுவரோரம் நின்று கையைத் தூக்குவாள். விரல் நுனி எட்டிய இடத்தில் நான் சாக்பீஸால் கோடு போட வேண்டும். முந்தின நாள் அவள் ஊசிக்குப் போனாளா இல்லையா என்பது எனக்குத் தெரியக் கூடாது. சில ஞாயிறுகளில் அவளைப் போகச் சொன்னார், சில ஞாயிறுகளில் வேண்டாமென்றார். கோடுகள் ஏறின, இறங்கின. ஊசிக்குப் போன வாரத்துக்கும் போகாத வாரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

அதற்குள் தோட்டத்து மேனேஜரான துரை ஓர் உத்தரவு போட்டார். மாதக் கடைசிக்குள் முழு வேலைக்குத் திரும்பாதவர்கள் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கடைசித் திங்கட்கிழமை அஞ்சலை வரும்போதே கண் கலங்கி வந்தாள். கேட்கக் கூடாததைக் கேட்டேன். "நேத்து போனியா?" "போனேன் மிஸ்ஸி. ஊசி நல்லா வேல செய்யுது. என்னைய மரத்துக்கு அனுப்பிடுங்க, வீடு போச்சுன்னா புள்ளைங்களோட எங்க போவேன்?" கையைத் தூக்கினாள். விரல் நுனி சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. நான் சிவப்புக் கோட்டின் மேலேயே சாக்பீஸை இழுத்தேன்.

அவளுக்கு இரங்கி என்று சொன்னால் அது பாதி உண்மை. ஊசி ஜெயிக்க வேண்டும், இந்த மனிதர் என்னிடம் தோற்க வேண்டும் என்ற வீம்பு மீதிப் பாதி.

டிரெஸர் கோட்டைப் பார்த்துத்தான் 'வேலைக்குத் தகுதி' என்று எழுதினார். ஒன்பதாவது நாள் அஞ்சலையை மரத்தடியிலிருந்து தாங்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கை காதுக்கு மேல் போகவே இல்லை.

அன்று மத்தியானம் அவர் சுவரருகே போய், சிவப்புக் கோட்டின் மேலேயே படிந்திருந்த என் சாக்பீஸ் கோட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தப்பு எம்மேலதான் மிஸ்ஸி. ஆசை இருக்கிறவங்க கையில சாக்பீஸக் குடுத்தேன்" என்றார். நேராகப் போய்த் துரையிடம், தான் தவறாக எழுதிவிட்டதாகச் சொல்லி, அதனால் அஞ்சலைக்கு லயன் வீட்டையும் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலையையும் தர வேண்டும் என்று கேட்டு வாங்கினார். மறுநாள் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அத்தனை பேர் முன்னால் துரை அவரைக் கண்டபடி ஏசினார். அவர் தவறாக எழுதினார் என்று நீங்கள் கேட்டது அங்கேதான்; துரைக்காக எழுதினார் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டீர்கள். என் பெயரை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று இப்போது அவர் மேல்கூடக் கோபம் வருகிறது.

பென்ஷனுக்குப் பிறகு முழங்கால் வலிக்கு அவரே ஊசி குத்திக்கொள்ளப் போனார் என்பது பலருக்குத் தெரியாது. "கொறஞ்சிருக்கா அண்ணே?" என்று கேட்டேன். "கொறஞ்சிருக்கு. ஆனா ஆதாரம்னு எங்கயும் சொல்லிடாதீங்க. கொறையணும்னு ஆசப்பட்டவன் பேச்சு இது" என்றார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அஞ்சலையைத் தேடிப் போனேன். உள்ளதைச் சொன்னேன். அவள் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க மிஸ்ஸி. அன்னிக்கு நானும் எக்கித்தான் நின்னேன். ஒங்க கோடு இல்லாட்டியும் மரத்துக்குப் போயிருப்பேன்" என்றாள்.

எவ்வளவு ஆறுதலான பதில்! நான் கேட்க ஆசைப்பட்டதும் அதுதான். அதனாலேயே அதை நான் நம்பவில்லை. அவள் கால்களைப் பார்த்தவள் நான்; குதிகால் இரண்டும் தரையில்தான் இருந்தன. என் மனசு கோணக் கூடாது என்று பார்த்து அவள் அப்படிச் சொல்லிவிட்டாள்.

சவரிமுத்து அண்ணனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தச் சந்தேகம்தான். அது சொல்கிறது: அந்த இரண்டு விரற்கடை என்னுடையது.